கறுப்பு மருதாணி போட்ட இடம் தடித்தால்: அறிகுறியைப் பார்த்து என்ன செய்வது

பூச்சாட்டி கம்பம் நட்ட நாளிலிருந்து தேர் நிலை சேரும் வரை, ஈரோடு, கோபி, பொள்ளாச்சி என எந்த ஊர் நோம்பியானாலும் (கோயில் திருவிழா) தேர்க்கடை வரிசையில் ‘டாட்டூ’ பலகை ஒன்று இருக்கும். பிளாஸ்டிக் அச்சைக் குழந்தையின் முன்கையில் வைத்து, ‘கறுப்பு மருதாணி’ என்ற கறுப்புக் குழம்பைப் பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுப்பார்கள். அரை மணியில் வேலோ தேளோ பட்டாம்பூச்சியோ பளிச்சென்று கறுப்பாக நிற்கும். பிறகு சில பிள்ளைகளுக்கு அந்த இடம் ஊறத் (அரிக்கத்) தொடங்கும், தடிக்கும், நீர் கோக்கும். அந்த நேரத்தில் வீட்டில் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்பதை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறோம்.

எதையும் படிப்பதற்கு முன்: இவை இருந்தால் உடனே 108

உதடு, கண் இமை, நாக்கு வீங்குவது, மூச்சு இழுப்பது, குரல் கம்முவது, உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்து வாந்தி வருவது, பிள்ளை துவண்டு போவது. மருதாணி ஒவ்வாமையில் இவை அபூர்வம். ஆனால் வந்தால் வீட்டு வைத்தியத்துக்கு நேரம் கிடையாது. பிள்ளையைப் படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்த்து உட்கார வைக்கலாம்.

மருதாணிக் கோனையோ தலைச்சாயப் பொடியையோ பிள்ளை வாயில் போட்டுவிட்டாலும் இதே அவசரம்தான். தலைச்சாயம் வயிற்றுக்குள் போனால் சில மணி நேரத்தில் முகமும் கழுத்தும் நாக்கும் வீங்கி மூச்சை அடைக்கும். அடுத்து தசை சிதைந்து, சிறுநீர் கறுத்து, சிறுநீரகம் பழுதாகும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மூச்சுக்குழாயில் வழி ஏற்படுத்தும் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். பாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

குற்றவாளி யார்

மருதாணி இலையில் சாயம் தருவது லாசோன் என்ற பொருள். அது தோலின் மேலடுக்கைப் பிடிக்கப் பல மணி நேரம் ஆகும். முதலில் ஆரஞ்சாக இருந்து, ஒன்றிரண்டு நாளில் செங்காவியாகவோ பழுப்பாகவோ ஆழமாகும். எவ்வளவு நேரம் வைத்தாலும் தார் போன்ற கறுப்பு வராது.

கறுப்பைத் தருவது பி.பி.டி. எனப்படும் பாரா-ஃபெனிலீன்டையமீன். தலைமுடிச் சாயத்தில் இருப்பது இதுதான். ஐரோப்பிய விதிப்படி தலைச்சாயத்தைக் கலக்கிய பிறகு அதில் 2 சதவீதத்துக்கு மேல் இது இருக்கக் கூடாது. அதுவும் முடிக்கு மட்டும், தோலில் பூச அனுமதியே இல்லை. கடைகளில் போடும் கறுப்பு மருதாணியைச் சோதித்தபோது 10 சதவீதத்தைத் தாண்டியும் இருந்திருக்கிறது. தலைக்குப் போடும்போது அரை மணியில் அலசிவிடுகிறோம். இங்கே அதைவிடக் கெட்டியான சாயம் பிள்ளையின் மெல்லிய தோலில் நேராக உட்கார்ந்து, கழுவப்படாமல் காய்கிறது. ‘கறுப்பு மருதாணிப் பொடி’ என்று மளிகைக் கடையில் தொங்கும் தலைச்சாயப் பாக்கெட்டுகளிலும் பி.பி.டி. உண்டு. அதைக் குழைத்துத்தான் பல இடங்களில் கையில் போடுகிறார்கள்.

இது உடம்பின் தற்காப்பு அணுக்கள் தாமதமாகக் காட்டும் ஒவ்வாமை. முதல் தடவை சாயம் படும்போது உடம்பு அதை எதிரியாகப் பதிந்துகொள்ள 7 முதல் 14 நாள் எடுக்கும். ஒருமுறை பதிந்துவிட்டால், அடுத்த தடவை 1 முதல் 3 நாளுக்குள் கிளம்பிவிடும், சிலருக்குச் சில மணி நேரத்திலேயே. ‘போன வருசமும் இதே கடையில போட்டோமே, ஒண்ணும் ஆகலையே’ என்று நிறைய வீடுகளில் சொல்வார்கள். போன வருடம்தான் பதிவு நடந்தது, இந்த வருடம் அது வெளியே தெரிகிறது. அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதும் தம்பிக்கு உத்தரவாதம் இல்லை.

ஆகவே பிள்ளையின் கையைப் பார்க்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். கறுப்பா, சிவப்பா? எத்தனை நேரத்தில் பிடித்தது? போட்டு எத்தனையாவது நாள் ஊறல் தொடங்கியது? பதில்களைத் தாளில் எழுதி, கையை ஒரு போட்டோவும் எடுத்துவிடுங்கள். மருத்துவர் கேட்கப்போவதும் இவற்றைத்தான்.

வைத்துக்கொண்டிருக்கும்போதே எரிகிறது

சில நிமிடங்களில் எரிச்சல் வந்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல, நேரடி எரிச்சல். சீக்கிரம் பிடிக்க வேண்டும் என்று கோனில் நீலகிரித் தைலம், கிராம்பு எண்ணெய், டர்பன்டைன் ஊற்றுகிறார்கள், சிலர் பெட்ரோலே கலக்கிறார்கள். உடனே ஓடும் தண்ணீரில், மென்மையான சோப்பு போட்டு, 10 நிமிடம் கழுவுங்கள். பஞ்சாலோ நாராலோ தேய்க்காதீர்கள். சிவப்பு ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிடும். குழம்பு கறுப்பாக இருந்தால் மட்டும், அடுத்த இரண்டு வாரமும் அந்த இடத்தைத் தினமும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

காய்ந்து கறுத்த சாயத்தை அகற்ற வழி கிடையாது. தோலின் மேலடுக்கு தானாக உதிர்ந்தால்தான் போகும். எலுமிச்சை, டூத்பேஸ்ட், மண்ணெண்ணெய், ப்ளீச்சிங் பவுடர் எதைப் போட்டாலும் சாயம் போகாது, புண்தான் கூடும்.

ஊறல், சிவப்பு, கோலத்தின் அதே வடிவில் தடிப்பு

தேள் வரைந்திருந்தால் தேளின் வாலும் கொடுக்கும் அப்படியே மேலெழும்பி நிற்கும். விரலால் தடவினால் கோட்டின் மேடு தெரியும், கோட்டுக்கு வெளியே தோல் சாதாரணமாக இருக்கும். இப்படி வரைந்த கோட்டோடு பிரச்சினையும் நிற்குமானால் வேறு சந்தேகமே வேண்டாம், அது சாய ஒவ்வாமை.

கொப்புளம் இல்லாத நிலையில் வீட்டிலேயே தொடங்கலாம். சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து 10 முதல் 15 நிமிடம் வையுங்கள், நாளுக்கு 3 அல்லது 4 முறை. ஐஸ்கட்டியை நேராக வைக்க வேண்டாம். பிறகு சாதாரண காலமைன் லோஷன். ஊறல் அடக்கும் மருந்து சேர்த்த காலமைனும் கடையில் உண்டு, அது வேண்டாம், அந்த மருந்தே தோலில் இன்னொரு ஒவ்வாமையைக் கிளப்பும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். இரவில் பிள்ளை தூக்கத்தில் சொறிவதுதான் பாதிப் புண்ணுக்குக் காரணம்.

தூங்க முடியாத ஊறலுக்கு செட்டிரிசின் சிரப் உதவும். 2 முதல் 5 வயதுவரை ஒரு வேளைக்கு 2.5 மி.கி., 6 முதல் 12 வயதுவரை 5 மி.கி., ஒரு நாளில் இரண்டு வேளைக்கு மேல் வேண்டாம். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சிரப் பொதுவாக 5 மி.லி.யில் 5 மி.கி. இருக்கும், ஆனாலும் பாட்டிலைப் படித்துவிட்டுக் கொடுங்கள். 2 வயதுக்குக் கீழே என்றாலும், சிறுநீரகக் கோளாறோ வலிப்போ உள்ள பிள்ளை என்றாலும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். இந்த மருந்து ஊறலைத் தணிக்கும், தடிப்பை ஆற்றாது. ஏனென்றால் இந்த ஒவ்வாமையை நடத்துவது செட்டிரிசின் தடுக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் அல்ல.

தடிப்பை ஆற்றுவது ஸ்டீராய்டு களிம்பு. எந்த வலிமை, எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் மிதமான ஹைட்ரோகார்டிசோன் 1 சதவீதம், கைகாலுக்கு மொமெட்டசோன் போன்ற நடுத்தர வலிமை, நாளுக்கு ஒரு முறை, 5 முதல் 7 நாள் என்பது பொதுவாக எழுதும் முறை. பெரியவரின் ஆட்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை நீளமாகப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். அது விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். ஒரு சிறிய டாட்டூவுக்கு அதில் கால்வாசியே அதிகம்.

மருந்துக் கடையில் ‘படைக்கு, சொறிக்கு, எல்லாத்துக்கும் கேக்கும்’ என்று கொடுக்கும் கலப்புக் களிம்பு வேண்டவே வேண்டாம். அதில் மிக வலுவான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, நியோமைசின் மூன்றும் சேர்ந்திருக்கும். நியோமைசின் தானே ஒவ்வாமை தரக்கூடியது. வலுத்த ஸ்டீராய்டு பிள்ளையின் தோலை மெலிய வைக்கும்.

சாயம் மங்கிய பிறகு, பத்தாவது நாளில் தடிக்கிறது

கோலம் பாதி அழிந்திருக்கும்போது தொடங்குவதால், யாரும் அதை மருதாணியோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. கொசுக்கடி என்பார்கள், புதுச் சட்டை என்பார்கள். மங்கிய கோட்டின் மேலேயே தடிப்பு ஓடுகிறதா என்று சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மருத்துவம் மேலே சொன்னதுதான்.

நீர்க்கொப்புளம்

இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கொங்குப் பக்கம் மாரியம்மன் நோம்பியும் தேர்க்கடையும் பங்குனி, சித்திரையில் வருகின்றன, ஆடியிலும் வருகின்றன. அந்த நாட்களில் பிள்ளையின் கையில் கொப்புளம் கண்டதும் வீட்டுப் பெரியவர்கள், ‘ஆத்தா வந்திருக்கறா, மருந்து மாத்திரை ஆகாது’ என்று வேப்பிலையில் படுக்க வைத்துவிடுவார்கள். அம்மன்மேல் உள்ள பக்தியில் செய்வதுதான், பிள்ளைமேல் உள்ள பாசத்தில் செய்வதுதான். ஆனால் அது அம்மையாக இல்லாவிட்டால் அந்த ஒரு வாரம் கொப்புளம் உடைந்து, சொறிந்து, சீழ் வைத்துவிடும். வேறுபாடு தெளிவானது. சின்னம்மை முதலில் மார்பு, முதுகு, முகத்தில் காணும். காய்ச்சலும் அசதியும் கூட வரும். பரு, நீர்க்கொப்புளம், பொருக்கு மூன்றும் ஒரே நேரத்தில் கலந்து, உடம்பெங்கும் சிதறி இருக்கும். மருதாணிக் கொப்புளம் வரைந்த கோட்டில் மட்டும் வரிசை கட்டி நிற்கும், காய்ச்சல் இருக்காது. அம்முச்சியிடம் (பாட்டி) வாதாட வேண்டியதில்லை. ‘ஆத்தா வந்தா முதுகுல ஒண்ணாவது போட்டிருக்கும்ல, பாருங்க அமுச்சி’ என்று சட்டையைக் கழற்றிக் காட்டினாலே போதும்.

அடுத்தது அக்கி. கொப்புளத்தைப் பார்த்து அக்கி என்று முடிவு செய்து, மண்பாண்டம் செய்பவரிடம் கூட்டிப்போய்க் காவி எழுதிவிடுவதும் நடக்கிறது. அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், நரம்பு ஓடும் பட்டையாக வரும், கொப்புளத்துக்கு முன்பே வலி இருக்கும், சிறு பிள்ளைகளுக்கு அதிகம் வராது. காவி பூசிவிட்டால் கோட்டு வடிவம் மறைந்துபோய் மருத்துவருக்கும் நோய் புரியாது. உடைந்த கொப்புளத்துக்குள் மண்ணும் சேரும். மஞ்சளும் இப்படித்தான். சிவப்பு பரவுகிறதா இல்லையா என்பதை மறைத்துவிடும்.

செய்ய வேண்டியது இது. கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். மேல்தோல் மூடியிருக்கும்வரை அதுவே நல்ல கட்டு. கொதிக்க வைத்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் மட்டமாக ஒரு டீஸ்பூன் தூள் உப்புக் கரைத்து, துவைத்த பழைய பருத்தி வேட்டித் துணியை நான்காக மடித்து நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கொப்புளத்தின்மேல் 15 நிமிடம் போடுங்கள். காயக் காய மறுபடி நனையுங்கள். நாளுக்கு 3 அல்லது 4 தடவை செய்தால் நீர் வடிவது இரண்டு மூன்று நாளில் குறையும். கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்குங்கள். நீர் வடியும் இடத்தில் காலமைன் போட்டால் சுண்ணாம்புப் பொருக்காக ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது தோலையும் சேர்த்து உரிக்கும். அதற்குப் பதில் வாசலினை மெல்லியதாகத் தடவி, ஒட்டாத காஸ் வைத்துத் தளர்வாகச் சுற்றுங்கள்.

கொப்புளம் வந்தால் அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்டுவது நல்லது. முகத்திலோ கண்ணருகிலோ பிறப்புறுப்பிலோ இருந்தாலும், பிள்ளையின் உள்ளங்கை அளவைத் தாண்டினாலும் அன்றே போங்கள். பெருந்துறையில் உள்ள ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி, கோவை, சேலம், திருப்பூர், கரூர், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. காலையில் வெளிநோயாளி நேரத்தில் போனால் போதும். பெரிய பரப்பில் வந்தால் சில நாள் ஸ்டீராய்டு மாத்திரை தருவார்கள். இரண்டு நாளில் வற்றிவிட்டது என்று நீங்களாக நிறுத்தினால் மறுபடி பொங்கும். சொன்ன நாள்வரை கொடுங்கள்.

கோட்டை விட்டு வேறு இடங்களிலும் ஊறல்

ஒரு வாரம் போனதும் வயிறு, தொடை, மறு கையில் சிறு சிறு ஊறல் பருக்கள் வரலாம். கொப்புளத்துத் தண்ணீர் பட்ட இடமெல்லாம் பரவுகிறது என்று நினைத்துப் பிள்ளையைத் தனியே படுக்க வைப்பார்கள். அந்த நீரில் கிருமியும் இல்லை, பரவும் நஞ்சும் இல்லை. கையில் தூண்டப்பட்ட தற்காப்பு அணுக்கள் ரத்தத்தில் சுற்றி மற்ற இடத் தோலையும் கிளப்புகின்றன, அவ்வளவுதான். யாருக்கும் ஒட்டாது, பள்ளிக்கூடம் போகலாம். ஆனால் இந்த நிலையில் வீட்டு மருத்துவம் போதாது, மருத்துவரைப் பாருங்கள்.

அக்குளில் நெறி கட்டுவதும் கையின் ஒவ்வாமையோடு வரக்கூடியதே. காய்ச்சல் இல்லாமல், தோல் ஆற ஆற அதுவும் வற்றினால் கவலை வேண்டாம்.

மஞ்சள் பொருக்கு, சீழ், காய்ச்சல்

மூன்றாவது நாளுக்குப் பிறகு ஊறல் குறைந்து வலி கூடினால், தேன் நிறப் பொருக்குக் கட்டினால், சிவப்பு கோட்டைத் தாண்டிச் சுற்றிலும் பரவிச் சூடாக இருந்தால், கிருமி ஏறிவிட்டது. பால்பாயிண்ட் பேனாவால் சிவப்பின் ஓரத்தில் கோடு போட்டு நேரத்தை எழுதிவையுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினாலோ, கையில் மேல்நோக்கிச் செங்கோடு ஓடினாலோ, காய்ச்சல் வந்தாலோ இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மருந்தைக் கொடுக்காதீர்கள்.

கோலத்தில் இல்லாத இடத்தில், ஒழுகிய தடம் போல் எரிச்சலும் கருமையும்

நிறம் பிடிக்க எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் தொட்டு வைப்பது நம் வழக்கம். சாறு பட்ட கையோடு பிள்ளை வெயிலில் விளையாடினால், நம் நாட்டு எலுமிச்சையில் இருக்கும் ஒரு வகைப் பொருள் சூரிய ஒளியோடு சேர்ந்து தோலைப் பொசுக்கும். ஒன்றிரண்டு நாள் கழித்து, சாறு வழிந்த பாதையிலேயே சிவப்பும் சில சமயம் கொப்புளமும் வந்து, பிறகு பழுப்புக் கோடாக வாரக்கணக்கில் நிற்கும். இது ஒவ்வாமை அல்ல. குளிர்ந்த துணி வைத்து, வெயில் படாமல் மூடி வைத்தால் தானே மங்கும். சாறு தொட்டு வைப்பதானால் இரவில் வைத்துக் காலையில் நன்றாகக் கழுவிவிட்டால் இந்தத் தொல்லையே கிடையாது.

ஆறியபின் வெளிறிய தடம்

கொப்புளம் ஆறி, பொருக்கு உதிர்ந்ததும் அதே தேள் இப்போது வெளுப்பாகத் தெரியும். பிள்ளைகளுக்கு இது சகஜம். நம் தோல் நிறத்தில் இன்னும் எடுப்பாகத் தெரியும். தேமல் என்று பூஞ்சைக் களிம்பு போடுவதும், வெண்புள்ளி என்று பயந்து ஊர் ஊராக அலைவதும் வீண். அழற்சியில் நிறம் தரும் அணுக்கள் சோர்ந்துபோனதுதான் காரணம். பெரும்பாலும் சில மாதங்களில், சிலருக்கு ஆறு மாதத்துக்கு மேலும் ஆகி, நிறம் திரும்பும். குளித்ததும் சாதாரண ஈரப்பதக் கிரீமோ தேங்காய் எண்ணெயோ தடவலாம், தோல் முழுதும் மூடிய பிறகு மட்டும். வெயிலில் போகும்போது முழுக்கைச் சட்டை போதும். சுற்றியுள்ள தோல் வெயிலில் கறுத்தால் வெளுப்பு இன்னும் துலங்கும் என்பதால்தான் அதைச் சொல்கிறோம். சிலருக்கு இதற்கு நேர்மாறாகக் கருந்தடம் நிற்கும். அதற்கும் பொறுமையும் வெயில் மறைப்பும்தான் மருந்து. கடையில் விற்கும் வெள்ளையாக்கும் கிரீமைப் பிள்ளைக்குப் போட வேண்டாம்.

பால் போல் தூய வெள்ளையாக, கோலத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மருதாணியே போடாத இடத்தில் வெளிறிய படை இருந்து, தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தாலும் தாமதிக்காமல் காட்டுங்கள். அது வேறு நோய், அதற்கு வேறு மருந்து.

தடம் மேடாகத் தடித்துக்கொண்டே போனால், குறிப்பாகத் தோளிலும் மார்பிலும், அது தழும்பு வளர்ச்சி. சீக்கிரம் காட்டினால் சிலிகான் பட்டையிலேயே கட்டுப்படும் வாய்ப்பு உண்டு.

அசல் மருதாணிதான் வைத்தோம், பிள்ளை வெளுத்துப்போய் மஞ்சளாக இருக்கிறது

தோலில் ஒன்றும் இருக்காது. ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் பிள்ளை சோர்ந்து, முகம் வெளிறி, கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போகும். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு லாசோன் தோல் வழியே உள்ளே போய் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஆண் குழந்தைகளுக்கு அதிகம். சில மணி நேரம்கூடத் தள்ளாமல் ரத்தம் ஏற்றும் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ‘மருதாணி வைத்தோம்’ என்று கட்டாயம் சொல்லுங்கள். இந்தக் குறைபாடு இருப்பதாகத் தெரிந்த பிள்ளைக்கு இலையரைத்த மருதாணியும் ஆகாது. கைக்குழந்தைகளுக்கு, பெயர் சூட்டு விழா, முதல் ஆடி என்று எந்தக் காரணத்துக்கும் வைக்காதீர்கள். அவர்கள் தோல் மெல்லியது, கையை வாயிலும் வைப்பார்கள்.

ஒருமுறை வந்துவிட்டது, இனி?

பி.பி.டி. ஒவ்வாமை ஒருமுறை பதிந்தால் வாழ்நாள் முழுக்க இருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பத்து வயதில் தேள் வரைந்த பிள்ளை இருபது வயதில் கல்யாணத்துக்கு முதல் நாள் தலைக்கு டை அடிக்கும்போது முகம் முழுக்க வீங்கி, கண் திறக்க முடியாமல் நிற்கக்கூடும். நெற்றிக்கோடும் காதோரமும் நீர் வடியும். இதை நினைத்துத்தான் பிள்ளையின் மருத்துவ நோட்டில், தடுப்பூசி அட்டை வைத்திருக்கும் அதே உறையில், ‘பி.பி.டி. ஒவ்வாமை, கறுப்பு மருதாணி, இன்ன வருடம்’ என்று எழுதி, போட்டோவையும் சேர்த்து வைக்கச் சொல்கிறோம்.

அவர்கள் பின்னாளில் கவனிக்க வேண்டியவை சில. எல்லா நிரந்தரத் தலைச்சாயங்களும், ‘பி.பி.டி. இல்லாதது’ என்று போட்டிருப்பவையும் கூட. அவற்றில் பலவற்றில் இருக்கும் டொலுயீன் டையமீனுக்கும் உடம்பு அதே போல் எதிர்வினை காட்டும். வாய்ப்புண்ணுக்கும் பல்வலிக்கும் தடவும் பென்சோகெயின் ஜெல், தொண்டை வலிக்குச் சப்பும் அதே மருந்துள்ள மிட்டாய்கள். பல் மருத்துவர் மரத்துப்போகப் போடும் லிக்னோகெயின் வேறு குடும்பம், அதற்குப் பொதுவாகப் பயம் இல்லை. ஆனாலும் ஊசிக்கு முன் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். சல்ஃபா மருந்து எழுதும்போதும் மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள்.

திருப்பூரைச் சுற்றியிருப்பவர்களுக்கு உடனே வரும் கேள்வி, துணிச்சாயம் ஆகுமா என்பது. பருத்திப் பின்னலாடைக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. பாலியஸ்டருக்குப் போடும் டிஸ்பர்ஸ் சாயங்களில் சிலவற்றுக்கு, குறிப்பாகக் கறுப்பு, கருநீலம், ஆழ்ந்த ஆரஞ்சு நிறங்களில் உள்ள அசோ வகைக்கு, இந்தப் பிள்ளைகள் எதிர்வினை காட்டலாம். விளையாட்டு உடை, லெக்கிங்ஸ் போன்றவை அக்குள், தொடை இடுக்கு என வியர்க்கும் இடங்களில் ஊறினால் இதை நினையுங்கள். புதிதாக வாங்கியதை இரண்டு மூன்று தடவை துவைத்துப் போடலாம், முடிந்தால் வெளிர் நிறப் பருத்தியே வாங்குங்கள்.

அடுத்த நோம்பிக்குக் கை சிவக்க வேண்டும்

வேலியோரம் நிற்கும் மருதாணிச் செடியே போதும். ஒரு கைப்பிடி இலையோடு கொட்டைப்பாக்கு ஒரு துண்டு, நெல்லிக்காயளவு புளி அல்லது கொஞ்சம் டீ டிகாஷன் சேர்த்து மைய அரைத்து, 4 முதல் 6 மணி நேரம் வைத்து, தண்ணீர் படாமல் உதிர்த்துவிட்டு எண்ணெய் தடவினால் இரண்டாம் நாள் நன்றாகச் சிவந்திருக்கும். பி.பி.டி. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளும் கலப்படமில்லாத இலை மருதாணி வைக்கலாம், லாசோன் வேறு பொருள்.

கடையில்தான் வைக்க வேண்டும் என்று பிள்ளை அழுதால், முதலில் பேச்சுக் கொடுங்கள்.

‘ஏனுங்கம்மா, இது எத்தன நேரத்துல புடிக்குமுங்க?’

‘அரை மணி போதுமுங்க. கன்னங்கரேல்னு பத்து நாளைக்கு நிக்கும்.’

இந்தப் பதில் வந்தால் நகர்ந்துவிடுங்கள். குழம்பு பச்சையும் பழுப்புமாக இல்லாமல் கறுப்பாக இருந்தால் வேண்டாம். மூக்கில் ஏறும் ரசாயன வாசம், பெட்ரோல் வாசம் அடித்தாலும் வேண்டாம். பத்து நிமிடத்தில் சிவக்கும் ‘இன்ஸ்டன்ட்’ கோனும் அப்படியே. இலை மருதாணிக் குழம்பு வெளியில் வைத்தால் சில நாளிலேயே சாயம் செத்துவிடும். குளிர்ப்பெட்டி இல்லாமல் வருடக்கணக்கில் கடையில் தொங்கும் கோனில் வேறு ஏதோ இருக்கிறது. இன்னொன்று: கறுப்பைக் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துச் சோதித்துப் பார்க்கலாமே என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு சொட்டே உடம்புக்கு முதல் பதிவாகிவிடலாம்.

இந்தியச் சட்டப்படி பி.பி.டி. உள்ள தலைச்சாய உறையில், தோல் எரிச்சல் உண்டாகலாம், முன்கூட்டியே சோதிக்க வேண்டும், புருவத்துக்கும் இமை முடிக்கும் போடக் கூடாது, போட்டால் பார்வை போகலாம் என்ற எச்சரிக்கை இருந்தாக வேண்டும். கடையில் கலக்கும்போது அந்த உறை குப்பைக்குப் போய்விடுகிறது, எச்சரிக்கை உங்களிடம் வந்து சேர்வதே இல்லை. உறை கையில் கிடைத்தால் ‘பாரா-ஃபெனிலீன்டையமீன்’ என்ற பெயரையோ ‘சி.ஐ. 76060’ என்ற சாயப் பட்டியல் எண்ணையோ தேடுங்கள்.

உறுதி செய்யும் சோதனையும் புகாரும்

மருத்துவர் பேட்ச் டெஸ்ட் சொல்லலாம். வாசலினில் 1 சதவீதம் கலந்த பி.பி.டி.யை முதுகில் சிறு பட்டையாக ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், அடுத்த ஒன்றிரண்டு நாளில் மறுபடியும் பார்ப்பார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது, வியர்க்க விளையாடக் கூடாது. தோல் முழுதும் ஆறி, ஸ்டீராய்டு மாத்திரை நின்று சில வாரம் ஆன பிறகே இது செய்ய வேண்டும். கடுமையாகக் கொப்புளம் வந்த பிள்ளைக்குச் சோதனையே கடுமையாகக் கிளம்பும் என்பதால் இன்னும் குறைந்த அளவில் செய்வார்கள், அல்லது கோலத்தின் வடிவத்தைப் பார்த்தே முடிவு செய்துவிட்டுச் சோதனையைத் தவிர்ப்பார்கள். அதனால் அந்த முதல் நாள் போட்டோ முக்கியம்.

கோன் அல்லது பாக்கெட் மிச்சம் இருந்தால் எறியாமல், பிள்ளைகள் கைக்கு எட்டாமல், மூடிய கவரில் வையுங்கள். அழகுசாதனப் பொருட்கள் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்துக்குள் வருபவை. மாவட்டத்தில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். வாங்கிய இடம், தேதி, உறை, பிள்ளையின் கை போட்டோ, மருத்துவர் சீட்டின் நகல் இவை இருந்தால் போதும். நோம்பிக்கடை மறு வாரமே அடுத்த ஊருக்குப் போய்விடும், ஆகவே கோயில் நிர்வாகத்திடமும் கடை ஏலம் எடுத்தவரிடமும் அதே நாளில் சொல்லிவிடுங்கள்.